பெர்டினாண்ட் போர்ஷே

பெர்டினாண்ட் போர்ஷே (செப்டம்பர் 3, 1875 – ஜனவரி 30, 1951) ஆஸ்திரிய-ஜெர்மானியத் தானுந்துப் பொறியியலாளர் ஆவார். வோக்ஸ்வேகன் பீட்டில் சிற்றுந்தை வடிவமைத்தவர் என்றும், போர்ஷே நிறுவனத்தை நிறுவியவர் என்றும் இவர் பரவலாக அறியப்படுகிறார். பொறியில் பிறக்கும் ஆற்றலை வீணாகாமல் சக்கரங்களுக்குக் கொண்டு சேர்ப்பது எப்படி என்ற கேள்வி இவரது ஐம்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வருகிறது. இன்றைய விளையாட்டுச் சிற்றுந்துகளின் பின் அச்சில் காணப்படும் சுயபூட்டு டிஃபரென்சியல் உருவானதற்கு இவர் 1935 இல் அளித்த பணியே காரணமாயிற்று. நாட்சி ஆட்சியுடன் இவர் கொண்டிருந்த நெருக்கமும், போர்க்காலத்தில் இவரது பொறுப்பில் இருந்த தொழிற்சாலையில் நடந்த கட்டாய உழைப்பும் இவரது வாழ்க்கையின் பிரிக்க முடியாத பகுதிகளாகும்.

போர்ஷே குடும்பத்தில் ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. 356 சிற்றுந்தை உருவாக்கியவர் இவரது மகன் ஃபெரி போர்ஷே (1909–1998). 911 சிற்றுந்தின் வடிவத்தை வரைந்தவர் பேரன் பெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே (1935–2012). பின்னாளில் வோக்ஸ்வேகன் குழுமத்தின் தலைவராக விளங்கிய பெர்டினாண்ட் பீஷ் (1937–2019) மகள் வழிப் பேரன் ஆவார். இக்கட்டுரை மூத்தவரைப் பற்றியது.

இளமை

போர்ஷே அன்றைய ஆஸ்திரிய-அங்கேரியப் பேரரசின் பொகீமியப் பகுதியில் உள்ள மாஃபர்ஸ்டோர்ஃப் என்ற சிற்றூரில் பிறந்தார். இவ்வூர் இன்று செக் குடியரசில் லிபரெட்ஸ் நகரின் ஒரு பகுதியாக, விரடிஸ்லாவிட்சே என்ற பெயரில் உள்ளது. தந்தை அன்டன் போர்ஷே தகரக் கொல்லர். மகனும் அதே பட்டறையில் தொழில் கற்க வேண்டும் என்பது அவரது விருப்பம். ஆனால் சிறுவனின் கவனம் மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. பகலில் பட்டறையில் வேலை செய்துகொண்டே, ரைஷன்பெர்க் நகரத் தொழில்நுட்பப் பள்ளியின் மாலை வகுப்புகளில் படித்தார். 1893 இல் பெற்றோரின் வீட்டுக்கு மின்விளக்கு அமைத்துக் கொடுத்தார்.

அதே ஆண்டு, தமது 18ஆம் வயதில், வியன்னா நகரின் பேலா எக்கர் மின்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரங்களில் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விரிவுரைகளில், மாணவராகப் பதிவு செய்யாமலேயே சென்று அமர்ந்துகொள்வார். போர்ஷே பொறியியல் பட்டப்படிப்பு எதையும் முடித்தவரல்லர். பின்னாளில் இவர் பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்ட முனைவர் பட்டம், பல்கலைக்கழகங்கள் அளித்த மதிப்புறு பட்டமாகும்.

டிஃபரென்சியல் இல்லாத ஊர்தி

ஒரு வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தை விட நீண்ட தொலைவைக் கடக்க வேண்டும். இரண்டு சக்கரங்களும் ஒரே தண்டில் இறுகப் பொருத்தப்பட்டிருந்தால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இதைத் தவிர்க்கவே டிஃபரென்சியல் எனப்படும் வேறுபாட்டுப் பல்லிணை பயன்படுகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் 1820களின் இறுதியில் நீராவி ஊர்திக்கென இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

1898 இல் வியன்னாவின் லோனர் வண்டித் தொழிலகத்தில் சேர்ந்த போர்ஷே இச்சிக்கலை வேறு வழியில் அணுகினார். ஒவ்வொரு சக்கரத்தின் குடத்துக்குள்ளும் தனித்தனி மின்னோடியை வைத்துவிட்டால் சங்கிலி, கியர் பெட்டி, டிஃபரென்சியல் ஆகிய எதுவுமே தேவையில்லை. ஒவ்வொரு சக்கரமும் தனக்கு வேண்டிய வேகத்தில் தானே சுழலும். இம்முறையில் முன் சக்கரங்களில் மின்னோடி கொண்ட லோனர்-போர்ஷே ஊர்தி 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ 50 கி.மீ. ஓடக்கூடியது. அப்போது போர்ஷேயின் வயது 24.

குறை மின்கலத்தில் இருந்தது. பாரிசில் காட்டப்பட்ட ஊர்தியின் மின்கலம் 410 கி.கி. எடை கொண்டது. ஆங்கிலேயர் ஒருவரின் விருப்பப்படி நான்கு சக்கரங்களிலும் மின்னோடி பொருத்திச் செய்யப்பட்ட ஊர்தியிலோ மின்கலம் மட்டுமே 1,800 கி.கி. இருந்தது. எனவே போர்ஷே மின்கலத்தைச் சிறிதாக்கி, பெட்ரோல் பொறி ஒன்றால் மின்னாக்கியைச் சுழற்றி, அதிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பினார். 'செம்பர் விவுஸ்' எனப் பெயரிடப்பட்ட அவ்வூர்தியும், அதைத் தொடர்ந்து விற்பனைக்கு வந்த 'மிக்ஸ்டே' வகையும் இன்றைய கலப்பின ஊர்திகளின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. 1905 இல் ஆஸ்திரியாவின் சிறந்த தானுந்துப் பொறியாளருக்கான பொட்டிங் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது.

1903 இல் அலோய்சியா கேஸ் என்பவரை மணந்தார். மகள் லூயிஸ் 1904 இலும் மகன் ஃபெரி 1909 இலும் பிறந்தனர்.

ஆஸ்திரோ-டைம்லர், டைம்லர், ஸ்டெயர்

1906 இல் போர்ஷே ஆஸ்திரோ-டைம்லர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரானார். 1910ஆம் ஆண்டு நடைபெற்ற இளவரசர் ஹென்றி ஓட்டத்துக்கென இவர் வடிவமைத்த ஊர்திகள் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. வெற்றி பெற்ற ஊர்தியைப் போர்ஷேயே ஓட்டினார். முதலாம் உலகப் போரின்போது கனரகப் பீரங்கிகளை இழுத்துச் செல்லும் தொடர் வண்டிகளை உருவாக்கினார். முன்னால் செல்லும் இழுவை ஊர்தியில் பெட்ரோல் பொறியும் மின்னாக்கியும் இருக்கும். பின்னால் வரும் இணைப்பு வண்டிகளின் சக்கரக் குடங்களுக்குக் கம்பி வழியே மின்சாரம் செல்லும். லோனர் காலத்துக் கருத்து இவ்வாறு இராணுவப் பயன்பாட்டுக்குச் சென்றது.

1923 இல் கருத்து வேறுபாட்டால் ஆஸ்திரோ-டைம்லரை விட்டு விலகி, ஸ்டுட்கார்ட் நகரின் டைம்லர் நிறுவனத்தில் தொழில்நுட்ப இயக்குநரானார். அங்கு உருவான மெர்சிடிஸ் எஸ், எஸ்எஸ், எஸ்எஸ்கே வகைகள் அக்காலத்தின் புகழ்பெற்ற விளையாட்டுச் சிற்றுந்துகளாகும். 1928 இறுதியில் அங்கிருந்தும் விலகினார். சிறிய, விலை மலிவான சிற்றுந்து ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்ற இவரது எண்ணத்தை இயக்குநர் குழு ஏற்கவில்லை. அடுத்துச் சேர்ந்த ஸ்டெயர் நிறுவனம் பொருளாதாரப் பெருமந்தத்தில் தள்ளாடியது. 55 வயதில் போர்ஷே வேலையின்றி நின்றார்.

சொந்த அலுவலகம்

1931 ஏப்ரலில் ஸ்டுட்கார்ட் நகரில் தம் பெயரில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தைத் தொடங்கினார். பங்குகளில் 80 விழுக்காடு போர்ஷேயிடமும், மருமகன் அன்டன் பீஷ், பந்தய ஓட்டுநர் அடால்ஃப் ரோசன்பெர்கர் ஆகியோரிடம் தலா 10 விழுக்காடும் இருந்தன. கார்ல் ராபே, கியர் பெட்டி வல்லுநர் கார்ல் ஃபிரோலிஷ், உடல் வடிவமைப்பாளர் எர்வின் கொமெண்டா முதலிய பழைய சகாக்கள் உடன் வந்தனர். முறுக்குத் தண்டு வில்லமைப்பு இவ்வலுவலகத்தின் தொடக்ககாலக் காப்புரிமைகளுள் ஒன்றாகும்.

ரோசன்பெர்கரின் பங்கு நெடுங்காலம் பேசப்படாமலேயே இருந்தது. புதிய அலுவலகத்தைத் தொடக்க ஆண்டுகளில் நிதி நெருக்கடியில் இருந்து காத்தவர் அவர். யூதரான அவர் 1933 தொடக்கத்தில் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். 1935 இல் அவரது பங்குகள் முகமதிப்புக்கே குடும்பத்தினரால் வாங்கப்பட்டன. அதே ஆண்டு அவர் கைதாகிக் கிஸ்லாவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். விடுதலையான பின் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறினார். போருக்குப் பின் அவர் தொடுத்த வழக்கு 1950 இல் சமரசத்தில் முடிந்தது.

பந்தய ஊர்தியும் சுயபூட்டு டிஃபரென்சியலும்

1934 முதல் கிராண்ட் பிரீ பந்தய ஊர்திகளின் எடை 750 கி.கி.க்கு மிகக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இவ்விதிக்கேற்ப ஆட்டோ யூனியன் நிறுவனத்துக்காகப் போர்ஷே வடிவமைத்த ஊர்தியில் 16 உருளைகள் கொண்ட பொறி ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் அமைந்திருந்தது. அன்றைய வழக்கத்துக்கு இது புதிது. 1934 இல் 4.4 லிட்டர் கொள்ளளவும் 295 குதிரைத்திறனும் கொண்டிருந்த பொறி, 1936 இல் 6 லிட்டரும் 520 குதிரைத்திறனுமாக வளர்ந்தது.

இத்தனை ஆற்றலையும் தரைக்குக் கடத்தியவை குறுகிய இரண்டு பின் டயர்கள் மட்டுமே. வழக்கமான டிஃபரென்சியல் இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே பகிர்ந்தளிக்கும். ஆகவே ஒரு சக்கரம் பிடிமானம் இழந்தால், மற்றதற்கும் அந்தக் குறைந்த அளவு மட்டுமே கிடைக்கும். சேற்றில் சிக்கிய லாரியின் ஒரு சக்கரம் வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்பதும் இதனால்தான். வளைவில் எடை வெளிப்பக்கம் சாய்வதால் உட்பக்கச் சக்கரம் இலேசாகிவிடும். ஆட்டோ யூனியன் ஊர்தியில் இக்குறை மிகையாக வெளிப்பட்டது. மணிக்கு 160 கி.மீ. வேகத்திலும்கூட ஒரு பின் சக்கரம் பிடிமானமின்றிச் சுழன்றது. பொறியின் ஆற்றலைக் கூட்டக் கூட, டயர் தேய்ந்ததே தவிர ஊர்தி விரைவாகச் செல்லவில்லை.

1935 இல் போர்ஷே, ஃபிரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் நகரின் இசட்.எஃப். பற்சக்கர நிறுவனத்திடம் இதற்குத் தீர்வு காணும் பணியை ஒப்படைத்தார். அதன்வழி வந்த அமைப்பில் வழக்கமான சாய்வுப் பற்சக்கரங்களுக்குப் பதிலாக, மேடுபள்ளங்கள் கொண்ட இரண்டு வளையங்களும் அவற்றுக்கிடையே நழுவும் சிறு ஆப்புகளும் இருந்தன. ஒவ்வொரு வளையமும் ஒரு சக்கரத்தோடு இணைந்தது. இரு சக்கரங்களும் சிறிதளவு வேறுபட்டுச் சுழலும்போது ஆப்புகள் நழுவி இடம் கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் வேகமெடுக்க முயன்றால் ஆப்புகள் உராய்ந்து இறுகி அதைத் தடுக்கும். தடுக்கப்பட்ட முறுக்குவிசை மறு சக்கரத்துக்குச் செல்லும். முழுதும் பூட்டாமலும் முழுதும் விட்டுக்கொடுக்காமலும் இயங்கும் இவ்வமைப்பே பின்னர் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்சியல் என்ற பெயரில் பரவிய வகையின் முன்னோடியாகும். 1936ஆம் ஆண்டு ஐரோப்பிய வாகையர் பட்டத்தை ஆட்டோ யூனியன் ஓட்டுநர் பெர்ண்ட் ரோசமேயர் வென்றார்.

1900 இல் டிஃபரென்சியலே வேண்டாம் என்று ஒதுக்கிய அதே மனிதர், 35 ஆண்டுகள் கழித்து அதன் பெருங்குறையை நீக்க வழி கோலினார் என்பது கவனிக்கத்தக்கது.

மக்கள் சிற்றுந்து

1934 ஜூன் 22 அன்று, மக்கள் சிற்றுந்தின் மாதிரியை உருவாக்க ஜெர்மானியத் தானுந்துத் தொழிற்சங்கத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. விலை 1,000 ரைஷ்மார்க்குக்குள் இருக்க வேண்டும் என்பது ஹிட்லரின் நிபந்தனை. பொறி பின்பக்கம், காற்றுக் குளிர்விப்பு, முறுக்குத் தண்டு வில்லமைப்பு ஆகியவற்றுடன் பின்னாளில் பீட்டில் எனப் பெயர் பெற்ற சிற்றுந்து உருவானது. செக்கோசுலோவாக்கியாவின் டட்ரா நிறுவனம் தனது வடிவமைப்புகள் எடுத்தாளப்பட்டதாகக் குற்றஞ்சாட்டியது. நாட்சிப் படையெடுப்பால் தடைப்பட்ட இவ்வழக்கு 1965 இல்தான் நீதிமன்றத்துக்கு வெளியே முடிவுக்கு வந்தது. எனவே பீட்டிலை ஒருவர் தனியே கண்டுபிடித்தார் என்று கூறுவது சரியன்று.

1938 மே 26 அன்று ஃபாலர்ஸ்லேபன் அருகே தொழிற்சாலைக்கு ஹிட்லர் அடிக்கல் நாட்டினார். வார அஞ்சல் வில்லைகள் ஒட்டிச் சேமித்தால் சிற்றுந்து கிடைக்கும் என்ற அரசுத் திட்டத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். போர் தொடங்கியதால் அவர்களில் எவருக்கும் வண்டி கிடைக்கவில்லை.

போர்க்காலம்

போர்ஷே 1937 இல் நாட்சிக் கட்சியில் உறுப்பினரானார். எஸ்.எஸ். அமைப்பிலும் பதவி பெற்றார். இவர் அரசியலில் நாட்டமற்ற பொறியாளர் மட்டுமே என்ற கருத்து முன்பு பரவலாக இருந்தது. வரலாற்றாளர் ஹான்ஸ் மொம்சன், மான்ஃபிரெட் கிரீகர் ஆகியோர் 1996 இல் வெளியிட்ட விரிவான ஆய்வுக்குப் பின் அக்கருத்து நிலைக்கவில்லை. ஹிட்லரை நேரில் அணுகக்கூடிய தமது நிலையைப் பயன்படுத்தித் தொழிற்சாலைக்கு ஆட்களும் பொருள்களும் கிடைக்கப் போர்ஷே முயன்றார். அந்த ஆட்களில் போர்க்கைதிகளும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வலுவில் கொண்டுவரப்பட்டோரும், வதைமுகாம் கைதிகளும் அடங்குவர். 1942 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தொழிற்சாலை வளாகத்திலேயே 'ஆர்பைட்ஸ்டோர்ஃப்' என்ற வதைமுகாம் இயங்கியது. போர் முடியும் வரை ஏறத்தாழ 20,000 பேர் அங்குக் கட்டாய உழைப்புக்கு ஆளாயினர். கட்டாயத் தொழிலாளப் பெண்களின் கைக்குழந்தைகள் தாயரிடமிருந்து பிரிக்கப்பட்டு ரியூன் என்ற ஊர் இல்லத்தில் வைக்கப்பட்டனர். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் நோயாலும் புறக்கணிப்பாலும் இறந்தனர். தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்கள் போர்ஷேயும் மருமகன் பீஷும் ஆவர்.

அத்தொழிற்சாலையில் உருவானவற்றில் கியூபல்வேகன் என்ற இராணுவ ஊர்தி முக்கியமானது. ஏறத்தாழ 50,000 ஊர்திகள் செய்யப்பட்டன. இதற்கு நான்கு சக்கர இயக்கம் கிடையாது. ஆனாலும் குறைந்த எடை, பின் சக்கரங்களின் மேல் அமைந்த பொறி, இசட்.எஃப். சுயபூட்டு டிஃபரென்சியல் ஆகியவற்றால் சேற்றிலும் மணலிலும் சென்றது. பந்தயத் தடத்துக்கென்று தேடிய தீர்வு போர்க்களத்துக்குச் சென்றது. நீரிலும் நிலத்திலும் ஓடும் ஷ்விம்வேகனில் முன், பின் ஆகிய இரு அச்சுகளிலும் இவ்வமைப்பு இருந்தது.

டாங்கிகளில் போர்ஷே மீண்டும் மின் கடத்தலுக்குத் திரும்பினார். இரண்டு பெட்ரோல் பொறிகள் மின்னாக்கிகளைச் சுழற்ற, மின்னோடிகள் சங்கிலிச் சக்கரங்களை இயக்கின. 'டைகர்' டாங்கிக்கான போட்டியில் 1942 இல் ஹென்ஷல் நிறுவனத்தின் வடிவமே தேர்வானது. போர்ஷே வடிவத்தில் முன்கூட்டியே செய்யப்பட்ட சுமார் 90 அடிச்சட்டங்கள் டாங்கி எதிர்ப்பு ஊர்திகளாக மாற்றப்பட்டு, இவர் பெயராலேயே 'ஃபெர்டினாண்ட்' என அழைக்கப்பட்டன. 188 டன் எடை கொண்ட 'மவுஸ்' டாங்கி இரண்டு முன்மாதிரிகளோடு நின்றுபோனது. பொறியியல் ஆர்வம் பயன்பாட்டு அறிவை மிஞ்சிய இடமாக இதனைக் கொள்ளலாம்.

சிறையும் இறுதிக் காலமும்

1944 இல் அலுவலகம் ஆஸ்திரியாவின் ஜிமுண்ட் என்ற சிற்றூருக்கு மாற்றப்பட்டது. 1945 டிசம்பரில், பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்டுப் பாடன்-பாடன் சென்ற போர்ஷேயையும் பீஷையும் பிரெஞ்சு அதிகாரிகள் கைது செய்தனர். பியூஜோ தொழிற்சாலையின் பொறிகள் ஜெர்மனிக்குக் கடத்தப்பட்டதும், அதன் மேலாளர்கள் நாடு கடத்தப்பட்டதும் குற்றச்சாட்டுகளாகும். பாரிசில் சில காலம் ரெனோ 4சிவி சிற்றுந்தைப் பற்றிக் கருத்துக் கேட்கப்பட்டது. பின்னர் டிஜோன் சிறையில் அடைக்கப்பட்டார். 1947 ஆகஸ்ட் 1 அன்று, இருவருக்குமாகப் பத்து லட்சம் பிராங்க் பிணைத்தொகையின் பேரில் வெளிவந்தார். 1948 இல் பிரெஞ்சு நீதிமன்றம் இவரை விடுவித்தது. சிறைவாசம் உடல்நலத்தை வெகுவாகப் பாதித்திருந்தது.

இதற்கிடையில் ஃபெரி போர்ஷே ஜிமுண்டில் நிறுவனத்தை நடத்தி வந்தார். பீட்டிலின் உறுப்புகளைக் கொண்டு அவர் உருவாக்கிய முதல் 356 சிற்றுந்து 1948 ஜூன் 8 அன்று சாலையில் ஓட அனுமதி பெற்றது. அதே ஆண்டு வோக்ஸ்வேகனுடன் ஏற்பட்ட ஒப்பந்தப்படி, விற்கும் ஒவ்வொரு பீட்டிலுக்கும் ஒரு தொகை போர்ஷே அலுவலகத்துக்குக் கிடைத்தது. 1950 நவம்பரில் வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்குச் சென்று, ஒரு காலத்தில் எவர் கைக்கும் கிடைக்காத சிற்றுந்து பெருமளவில் உற்பத்தியாவதைப் பார்த்தார். அம்மாதமே பக்கவாதத்தால் படுத்தவர் மீண்டு எழவில்லை. 1951 ஜனவரி 30 அன்று ஸ்டுட்கார்ட்டில் காலமானார். உடல் ஆஸ்திரியாவின் ட்செல் அம் சே நகரில் குடும்பச் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

பழைய போர்ஷே சிற்றுந்துகளில் பின் டிஃபரென்சியல்

356, 911 ஆகிய இரண்டிலும் டிஃபரென்சியல் கியர் பெட்டியுடன் ஒரே உறையில் அமைந்துள்ளது. சுயபூட்டு வகை விருப்பத் தேர்வாகவே வழங்கப்பட்டதால், பெரும்பாலான பழைய வண்டிகளில் வழக்கமான திறந்த வகையே இருக்கும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. 911 வகைகளில் விருப்பத் தேர்வு எண் 220 ஆவணங்களில் காணப்பட்டால் அவ்வண்டி சுயபூட்டு வகையுடன் ஆலையிலிருந்து வெளிவந்தது எனலாம். ஆனால் இடையில் கியர் பெட்டி மாற்றப்பட்டிருந்தால் ஆவணம் பயன்படாது.

இரு பின் சக்கரங்களையும் தரையிலிருந்து உயர்த்தி, முன் சக்கரங்களுக்கு அடை கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்து ஒரு சக்கரத்தைக் கையால் சுழற்றுவது எளிய சோதனை. மறு சக்கரம் எதிர்த்திசையில் சுழன்றால் திறந்த வகை. அதே திசையில் சுழன்றால் சுயபூட்டு வகை. உறுதி செய்ய, பொறியை நிறுத்தி முதல் கியரில் விட்டுப் பார்க்கலாம். திறந்த வகையில் சக்கரம் எளிதாகச் சுழன்று மறு சக்கரம் எதிராகத் திரும்பும். நல்ல நிலையில் உள்ள சுயபூட்டு வகையில் சக்கரம் கைக்கு அசைந்து கொடுக்காது. இதில் ஒரு பொறி உண்டு. 911 இல் பயன்பட்ட இசட்.எஃப். வகை, ஆப்புகளுக்குப் பதிலாக உராய்வுத் தட்டுகளால் ஆனது. தட்டுகள் தேய்ந்துவிட்டால் அதுவும் திறந்த வகையைப் போலவே நடந்துகொள்ளும். அந்நிலையில் உறையைத் திறந்து பார்ப்பதே முடிவானது. அப்போது கிரவுன் சக்கரத்தின் பற்களையும் எண்ணிவிடுவது நல்லது. தொடக்ககால 911 இல் பினியனுக்கு 7 பற்களும் கிரவுனுக்கு 31 பற்களும் இருந்தன. 1970களின் பிற்பகுதியில் இது 8-க்கு 31 என மாறியது. ஒரு வகையின் உறுப்பை மற்றதோடு இணைத்தால் பொருந்தாது.

மேம்படுத்துவதில் இரு வழிகள் உள்ளன. தட்டு வகையைப் புதுப்பித்து, தட்டுகளின் எண்ணிக்கையையும் அடுக்கு வரிசையையும் மாற்றிப் பூட்டு அளவைக் கூட்டலாம். சாலைக்கு 40 விழுக்காடும் பந்தயத்துக்கு 80 விழுக்காடும் வழக்கத்தில் உள்ளவை. அதிகப் பூட்டு உள்ள வண்டி குறைந்த வேகத் திருப்பங்களில் நேராகவே செல்ல முனையும் என்பதால் சாலை ஓட்டத்துக்கு அது தொல்லையே. மற்றது, சுருள் பற்சக்கரங்களால் முறுக்குவிசையைப் பங்கிடும் வகை. இது தேய்மானம் குறைந்தது, மென்மையாக இயங்குவது. ஆயினும் ஒரு சக்கரம் தரையை விட்டு முற்றிலும் மேலெழுந்தால் இதனால் பயனில்லை. ஏனெனில் குறைந்த பிடிமானத்தின் சில மடங்கையே இது மறுபக்கம் அனுப்பும்; சுழியத்தை எத்தனை மடங்காக்கினாலும் சுழியமே. உட்சக்கரம் தூக்கும் இயல்புடைய பந்தய வண்டிகளில் தட்டு வகை நீடிப்பதற்கு இதுவே காரணம்.

நினைவு

1999 இல் அனைத்துலக நடுவர் குழு ஒன்று போர்ஷேயை நூற்றாண்டின் தானுந்துப் பொறியாளராகத் தேர்ந்தெடுத்தது. பிறந்த ஊரில் நிலைமை வேறு. நாட்சித் தொடர்பைக் குறித்து எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, இவர் பிறந்த இடம் என அறிவிக்கும் ஊர் எல்லைப் பலகைகளை விரடிஸ்லாவிட்சே ஊராட்சி 2013 இல் அகற்றியது.